சுவரில் ஓர் ஈப்புலி

தோழியரே, திருநின்றவூரில் வெயில் படும் சுவர் எதுவாயினும் சற்று நின்று பாருங்கள். அரை அங்குல நீளங்கூட இல்லாத, சாம்பல் நிறமான, தட்டையான ஓர் எட்டுக்கால் பூச்சி தத்தித் தத்திப் போகும். (பூச்சி என்பது பேச்சு வழக்கே, பூச்சிக்கு ஆறு கால்தான்!) நாம் நெருங்கினால் திரும்பி நம்மையே பார்க்கும். அதுதான் ஈப்புலி.

வலை கட்டி இரை பிடிக்காமல், பாய்ந்து பிடிக்கும் சிலந்தி இனம் இது. நம் சுவர்களில் திரிவதற்கு மெனெமெரஸ் பைவிட்டாட்டஸ் என்று பெயர். 1831இல் லியோன் துஃபூர் என்ற பிரெஞ்சு அறிஞர் இதனை விவரித்து எழுதினார். வெப்ப நாடுகள் பலவற்றிலும் மனிதர் வீட்டை ஒட்டியே வாழ்கிறது.

இதற்குக் கண்கள் எட்டு. பக்கத்துக் கண்கள் ஈயின் அசைவைக் கண்டுகொள்ளும். முன்னாலுள்ள பெரிய இரு கண்கள் அதனை உற்று நோக்கும். பிறகு பூனைபோல் பதுங்கிச் சென்று, நூலைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பாயும். குறி தவறினாலும் நூல் தாங்கிக்கொள்ளும். தண்ணீர் திறந்ததும் மடங்கிய ரப்பர் குழாய் விறைத்து நிமிர்கிறதல்லவா? அதுபோல உடல்நீரின் அழுத்தத்தால் பின்கால்கள் நிமிர்ந்து உந்துகின்றன.

தூரத்தை எவ்வாறு அளக்கிறது? அதன் விழித்திரையில் நான்கு அடுக்குகள் உண்டு. ஓர் அடுக்கில் தெளிவாக விழும் உருவம் மற்றோர் அடுக்கில் மங்கலாக விழும். மங்கல் மிகுந்தால் இரை அருகில் என்று பொருள். ஜப்பானின் ஒசாகாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வு இது. ஹசாரியஸ் ஆதன்சோனி என்ற வேறொரு வீட்டு ஈப்புலி, பச்சை ஒளியில் சரியாகப் பாய்ந்தது. சிவப்பு ஒளியிலோ இரையை எட்டாமல் முன்னாலேயே விழுந்தது. சிவப்பு ஒளி சற்றுத் தள்ளிக் குவிவதால் மங்கல் மிகுந்து, இரை அருகிலிருப்பதாக ஏமாந்துவிட்டது!

இத்தகைய ஜீவனை நம் வீடுகளில் ஏன் துடைப்பத்தால் அடிக்கிறார்கள்? "எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பட்டால் கொப்புளம் வரும்" என்ற அச்சந்தான். தமிழில் கட்டிக்கும் சிலந்தி என்றே பெயர் இருப்பதும் ஒரு காரணமோ என்று நாங்கள் எண்ணுவதுண்டு. உடலின் ஒரு பக்கத்தில் எரிச்சலோடு கொத்துக் கொத்தாய்க் கொப்புளம் எழும்பினால், அது பெரும்பாலும் அக்கியாகவே இருக்கும். முன்பு சின்னம்மை தந்த வைரஸ் நரம்பில் உறங்கிக் கிடந்து மீண்டும் எழுவதே அக்கி. ஈப்புலிக்கு அதில் பங்கே இல்லை. பூச்சியின் மேல் பழி போட்டுக் காவி பூசிக் காத்திருப்பதில்தான் ஆபத்து. 3 நாட்களுக்குள் மருந்து தொடங்கினால் பலன் மிகுதி. கண்ணருகே வந்தாலோ பார்வைக்கே கேடு. பாட்டிமாருக்கு இதை நாம்தாம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

மூலையில் தொங்கும் ஒட்டடையும் ஈப்புலி கட்டியதன்று. சுவர் விரிசலிலோ நிலைப்படி இடுக்கிலோ வெள்ளைப் பட்டுத் துணிபோல் ஒரு சிறு உறை தெரியும். அதுதான் அதன் வீடு. உள்ளே முட்டைகளைக் காத்துக்கொண்டு தாய் இருக்கும்.