திக்கித் திக்கி ஓதும் பிள்ளை

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



சில வாரங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்ததும் ஒரு தகப்பனார் எனக்காகக் காத்திருந்தார். தாம்பரத்தில் அவருடைய மகன் நான்காம் வகுப்பு படிக்கிறான். "ஹஜ்ரத், வாயால் கேட்டால் எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறான். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் ஊமையாகிவிடுகிறான். அடித்தும் பார்த்துவிட்டேன். இப்போது காலையில் பள்ளிக்கூடம் என்றாலே வயிற்றுவலி என்கிறான், மாலையில் மக்தப் என்றாலும் அதே வயிற்றுவலி" என்றார். சொல்லும்போதே அவர் கண் கலங்கியது.

சகோதரர்களே! அந்தப் பிள்ளை சோம்பேறி அல்ல, மக்கும் அல்ல. இப்படிப்பட்ட பிள்ளைகள் பலருக்கு இருப்பது டிஸ்லெக்ஸியா என்னும் கற்றல் குறைபாடு. கண்ணிலோ அறிவிலோ கோளாறு கிடையாது. எழுத்தை அதன் ஓசையோடு இணைக்கும் வேலை மட்டும் மூளையில் வேறு விதமாக நடக்கிறது. தமிழில் ல, ள, ழ குழம்பும். ஆங்கிலத்தில் பி எழுத்தும் டி எழுத்தும் இடம் மாறும். அரபியில் பா, தா, ஸா மூன்றுக்கும் உருவம் ஒன்றுதான், புள்ளிதான் வேறு. அந்தப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய மலை என்று யோசித்துப் பாருங்கள்!

1896ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிரிங்கிள் மோர்கன் என்ற மருத்துவர், வாசிக்கவே இயலாத 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். பாடம் முழுவதையும் வாய்மொழியாகவே நடத்தினால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியரே சொன்னாராம்.

நம் மார்க்கம் இந்தப் பிள்ளையை எப்படிப் பார்க்கிறது? குர்ஆனைத் திறம்பட ஓதுபவர் கண்ணியமிக்க வானவர்களோடு இருப்பார் என்றும், திக்கித் திணறிச் சிரமப்பட்டு ஓதுபவருக்கு இரண்டு கூலிகள் உண்டு என்றும் நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அல்லாஹ் இரண்டு கூலி எழுதி வைக்கும் பிள்ளைக்கு நாம் பிரம்படி கொடுக்கலாமா?

இன்னொரு செய்தி திர்மிதியில் உபை இப்னு கஅப் (ரலி) அவர்கள் வழியாக வருகிறது. நபி (ஸல்) அவர்கள் ஜிப்ரீல் (அலை) அவர்களிடம் தம் சமுதாயத்தில் முதியவர்களும் சிறுவர் சிறுமியரும் புத்தகமே வாசித்திராதவர்களும் உண்டு என்று எடுத்துச் சொன்னார்கள். அதற்குப் பின்தான் ஓதும் முறைகளில் இலகு கிடைத்தது. வாசிக்க இயலாதவனுக்காக அன்று பரிந்து பேசியவர் நம் நபி. இன்று நம் வீட்டுப் பிள்ளைக்காகப் பரிந்து பேச வேண்டியவர் அத்தாவும் அம்மாவும்தான்.

என்ன செய்யலாம்? முதலில், மற்ற பிள்ளைகளோடு ஒப்பிடுவதை நிறுத்துங்கள். பாடத்தை நீங்கள் வாசியுங்கள், அவன் கேட்கட்டும். எழுத்தை மணலில் விரலால் எழுதிக்கொண்டே அதன் ஓசையைச் சொல்லச் செய்யுங்கள். தினமும் சிறிது நேரம் போதும். மக்தப் உஸ்தாதிடம் முன்கூட்டியே பேசுங்கள். சூராக்களைக் கேட்டு மனனம் செய்யட்டும், எழுத்து மெல்ல மெல்ல வரட்டும். குர்ஆன் இந்த உம்மத்துக்கு முதலில் வந்ததே செவி வழியாகத்தான்!

அடுத்து, முறையாகப் பரிசோதியுங்கள். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் மாம்பலம் இறங்கினால் தி.நகர். அங்கே மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் பல ஆண்டுகளாக இந்தப் பிள்ளைகளுக்காகவே இயங்கி வருகிறது. ஆசிரியர்களுக்கும் பயிற்சி அளிக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் தேசிய நிறுவனத்தில் உளவியல், சிறப்புக் கல்விப் பிரிவுகள் இருக்கின்றன. இதைக் குணமாக்க மாத்திரை எதுவும் இல்லை. யாராவது மருந்து விற்றால் ஏமாறாதீர்கள். கற்பிக்கும் முறையை மாற்றுவதுதான் வழி.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்த 21 வகைகளில் இந்தக் கற்றல் குறைபாடும் ஒன்று. உரிய சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுதுபவர் போன்ற சலுகைகளைக் கேட்கலாம். பத்தாம் வகுப்பு வரை காத்திராதீர்கள், இப்போதே தலைமையாசிரியரைப் பாருங்கள். "ஊர் என்ன சொல்லும்" என்று சான்றிதழ் வாங்க வெட்கப்படுவது, பிள்ளையின் உரிமையை நாமே பறிப்பதாகும்.

மூஸா (அலை) அவர்கள் தம் நாவின் சிரமத்தை அல்லாஹ்விடம் முறையிட்டார்கள், சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணைக்குக் கேட்டார்கள். துணை கேட்டதால் அவர்களின் நபித்துவத்துக்கு எந்தக் குறையும் வந்துவிடவில்லை.

அந்தத் தகப்பனாரிடம் நான் ஒன்றுதான் சொன்னேன்: "இன்று இரவு புத்தகத்தை நீங்கள் வாசியுங்கள். அடித்ததற்கு அவனிடம் வருத்தம் சொல்லுங்கள்." எழுத்து தாமதமாக வந்தாலும் பரவாயில்லை. அந்த எழுத்துக்காக அவன் குர்ஆனையும் நம்மையும் வெறுத்துவிட்டால், அந்த இழப்பை எந்த மதிப்பெண்ணும் ஈடுசெய்யாது.

நம் பிள்ளைகளின் கல்வியை அல்லாஹ் இலகுவாக்குவானாக! நமக்குப் பொறுமையைத் தருவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.