இலையில் எவ்வளவு பொசுபரசு இருக்கிறது?

2021 மே மாதம் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியது. அதற்குப் பிறகு, குழை தாழ்த்தால் கடைப் பசளையே வேண்டாம் என்பாரும், குழையால் ஒரு பயனும் இல்லை என்பாரும் உண்டு. வந்தாறுமூலை விவசாயி இரண்டையும் நம்பிவிடக் கூடாது. சணலும் கிளிரிசிடியாவும் நைதரசனைக் காற்றிலிருந்து பிடித்துத் தரும். பொசுபரசு காற்றில் இல்லை. வேர் மண்ணில் எடுத்ததையே இலை திருப்பித் தரும்.

செய்ய வேண்டியவை

• முதலில் மண்ணைப் பரிசோதியுங்கள். பசளை இடுவதற்கு முன் பல இடங்களில் மேல் 15 சென்ரிமீற்றர் மண்ணை எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடம் ஊரிலேயே இருக்கிறது; அங்கும் விசாரிக்கலாம். கடற்கரைப் பக்கத்து மணலுக்கும் மேற்கே வயல் வட்டைக்கும் ஒரே அளவு பொருந்தாது.

• கணக்குப் போடுங்கள். 1000 கிலோ பச்சைக் கிளிரிசிடியாவில் முக்கால் பங்கு தண்ணீர். மீதியில் நைதரசன் சுமார் 8 கிலோ, பொசுபரசு அரைக் கிலோ அளவுதான். கடையில் வாங்கும் பொசுபரசுப் பசளையான ரி.எஸ்.பி.யின் 50 கிலோ மூடை ஒன்றில் ஏறத்தாழ 10 கிலோ பொசுபரசு. அதை இலையால் ஈடுசெய்ய 20 தொன் குழை வெட்ட வேண்டும். ஒரு தொன் நெல்லோ சுமார் 2 கிலோ பொசுபரசை வயலைவிட்டுக் கொண்டுபோகிறது. ஆகவே யூரியாவைக் குறைக்கக் குழையை நம்பலாம், ரி.எஸ்.பி.யை அடியோடு நிறுத்த நம்ப முடியாது.

• பசுந்தாட் பயிருக்கே பொசுபரசு இடுங்கள். இதைச் செய்பவர்கள் குறைவு, பலனோ பெரிது. பொசுபரசு இல்லாமல் சணலின் வேர்முடிச்சு சரியாகப் பிடிக்காது, நைதரசனும் சேராது. சணல் எடுத்துக்கொண்ட பொசுபரசு, உழுத பின் இலை மக்க மக்க மெதுவாக வெளிவரும். பூக்கத் தொடங்கும்போதே மடக்கி உழுங்கள். தண்டு முற்றினால் மக்க நாளாகும். மக்கவைக்கும் நுண்ணுயிர்களே பொசுபரசைத் தமக்கென்று பிடித்து வைத்துக்கொள்ளும்.

• ரி.எஸ்.பி.யை அடிக்கட்டாகவே இட்டு மண்ணோடு கலந்துவிடுங்கள். மிளகாய், கத்தரிக்கு வேர் எட்டும் இடத்தில், சற்று ஆழத்தில் வையுங்கள். பொசுபரசு மண்ணில் நடந்து போகாது. வேர்தான் அதனிடம் வர வேண்டும்.

• வைக்கோலை வயலுக்கே திருப்புங்கள்.

செய்யக்கூடாதவை

• எப்பாவலப் பாறைப் பொசுபேற்றை நெல்லுக்கோ மரக்கறிக்கோ ரி.எஸ்.பி.க்குப் பதிலாக இடாதீர்கள். நம் நாட்டுப் பொருள் என்ற பெருமை நியாயமானது. ஆனால் அது அமில மண்ணில் மெல்லக் கரைவது. தேயிலை, இறப்பர், தென்னை போன்ற நீண்டகாலப் பயிருக்கு ஏற்றது. மூன்றரை மாத நெல் அதற்காகக் காத்திருக்காது.

• பயிர் குன்றி, இலை கடும்பச்சையாகி, மட்டம் வெடிக்காமல் நின்ற பிறகு ரி.எஸ்.பி. தூவி ஈடுசெய்யலாம் என்று எண்ணாதீர்கள். அந்தப் போகத்துக்குக் காலம் கடந்துவிட்டது.

• நெல்லுக்குப் போதுமாக இருந்தது என்று, அதே காணியில் கோடைக்குப் போடும் கச்சானையும் கௌபியையும் பட்டினி போடாதீர்கள். வெள்ளம் நிற்கும்போது இரும்பு பிடித்திருந்த பொசுபரசு விடுபடும். நிலம் காய்ந்ததும் மறுபடி பூட்டிக்கொள்ளும்.

• கோழி எருவை வண்டி வண்டியாகக் கொட்டியபின் அதே தோட்டத்துக்கு முழு அளவு ரி.எஸ்.பி.யும் போடாதீர்கள். கோழி எருவிலேயே பொசுபரசு நிறைய உண்டு. அளவு மீறினால் பயிருக்கு நாகச் சத்துக் குறையும்.

• மாரி மழை இறங்கப்போகும் நாளில் ரி.எஸ்.பி.யை மேலாகத் தூவாதீர்கள். மணல் இதைப் பிடித்துவைக்காது; வரம்பை உடைத்து ஓடும் தண்ணீரோடு அது கடைசியில் வாவியில்தான் விழும். அங்கே அது பாசியை வளர்க்கும், பாசி அழுகும்போது மீனுக்கு மூச்சு முட்டும்.