கழற்றிய லொறிக் கூண்டைத் தாங்கலும் நகர்த்தலும்

கமக்காரனுக்கு விளைவிப்பது பாதி வேலை. விளைந்ததைச் சந்தைக்குச் சேர்ப்பது மீதி வேலையாகும். வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை முதலிய இடங்களில் விளையும் வெங்காயமும் மிளகாயும் காய்கறியும் பண்ணைப் பாலத்தைக் கடந்தே யாழ்ப்பாண நகரை அடைதல் வேண்டும். வயலுக்குரிய எருவும் குழையும் விதை நெல்லும் அவ்வழியே வந்து சேர்தல் வேண்டும். ஆகவே ஊரில் ஓடும் ஒரு லொறி நின்றுவிட்டால், அதன் உரிமையாளர் மட்டுமன்றி அதனை நம்பிய தோட்டக்காரர் பலரும் நட்டமடைவர்.

தீவுப் பகுதியில் லொறிக்குப் பெரும் பகை உப்புக் காற்றாகும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்திருக்கும் இயல்புடையது. மழையில்லாத மாதங்களிலும் தகட்டின் மடிப்புக்களில் ஈரம் காயாதிருப்பதற்கு இதுவே காரணம். இயந்திரம் பழுதின்றி இருக்கையிலேயே சாரதி இருக்கும் கூண்டின் தளமும், கதவடிப் படியும், கூண்டைச் சட்டத்துடன் பிணைக்கும் கால்களும் துருவேறி உதிர்ந்துவிடும். 1990 ஆம் ஆண்டின் பின் போரினால் எரிபொருளும் உதிரிப்பாகங்களும் குடாநாட்டிற்கு வருவது அரிதாயிற்று. அக்காலத்தில் ஒஸ்ரின், மொறிஸ் முதலிய பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிக் காத்தவர் யாழ்ப்பாணத்து மக்கள். பழையதைத் திருத்திப் பயன்கொள்ளும் அப்பழக்கம் போற்றத்தக்கது. ஆயினும், கூண்டைக் கழற்றும் வேலையிற் காட்டும் சிறு அசட்டை கையையோ காலையோ உயிரையோ கொண்டுபோகும். எனவே அதன் முறைகள் இங்கே கூறப்படுகின்றன.

1. காலமும் இடமும்

காலபோக நெல் அறுவடை முடிந்து, சோளகக் காற்று எழுமுன் உள்ள பங்குனி, சித்திரை மாதங்கள் இவ்வேலைக்கு ஏற்றவை. வெறுங் கூண்டு பாய் விரித்த வள்ளத்தைப் போன்றது. காற்று அதனை எளிதில் திருப்பிவிடும். காற்றுக் கிளம்புமுன் விடியற்காலையில் தூக்குதல் நன்று.

தரை மட்டமாகவும் இறுகியதாகவும் இருத்தல் வேண்டும். மணற்றரையாயின் தடித்த பலகைகளைப் பரப்பி அவற்றின் மேலேயே வேலை செய்க. நெடுங்காலம் நின்ற வண்டியாயின், இருக்கையின் கீழும் கதவின் மடிப்பிலும் பாம்பு, தேள், குளவிக் கூடு உண்டோ எனத் தடியால் தட்டிப் பார்த்த பின்னரே கையிடல் வேண்டும்.

2. கழற்றுமுன் செய்யவேண்டியவை

முதலில் பற்றறியின் எதிர்மின் இணைப்பையும், பின்னர் மற்றையதையும் கழற்றுக. எண்ணெய்த் தாங்கி கூண்டினுள்ளேயோ அதனை ஒட்டியோ இருந்தால், அதனை வெறுமையாக்கி அப்பால் எடுத்து வைக்க. துருப்பிடித்த நட்டுக்களைத் தீயாற் சூடாக்குவது சிலர் வழக்கம். தாங்கியும் எண்ணெய்க் குழாயும் இறப்பர் மெத்தைகளும் அண்மையில் இருக்கும்போது அது பேராபத்தாகும். நான்கைந்து நாட்களுக்கு முன்பே டீசலும் இயந்திர எண்ணெயும் கலந்து நாள்தோறும் இட்டு ஊறவைத்தால் பெரும்பாலான நட்டுக்கள் தாமே இளகும்.

மின்கம்பிகள், வேகமானிக் கம்பி, அக்சிலறேற்றர், கிளச், பிறேக் இணைப்புக்கள், ஸ்ரேறிங் தண்டு, கியர்த் தடி, கைப்பிறேக் ஆகியவற்றை ஒவ்வொன்றாக விடுவிக்க. ஒவ்வொரு முனையிலும் இலக்கமிட்ட சீலைத் துண்டைக் கட்டி, அவ்விலக்கத்தைக் கொப்பியிலும் எழுதி வைக்க.

இங்கே பலர் மறந்துவிடும் செய்தி ஒன்றுண்டு. பிறேக் இணைப்புக்களைக் கழற்றியவுடன் அந்த லொறிக்கு நிறுத்தும் வலு இல்லை. சிறு சரிவிலும் அது தானே உருளும். ஆகையால் முதல் ஸ்பனரைக் கையில் எடுக்குமுன்னரே எல்லாச் சில்லுகளுக்கும் முன்னும் பின்னும் மர ஆப்பு வைத்தல் வேண்டும். கல்லை ஆப்பாகக் கொள்ளுதல் ஆகாது.

3. கூண்டிற்கு உள்வலுக் கொடுத்தல்

துருவேறிய கூண்டு வெளியே பெட்டி போற் காணப்படினும் உள்ளே வலுவற்றது. கதவுகளே அதனை நிமிர்த்தி வைத்திருக்கக்கூடும். கதவைக் கழற்றிய பின் தூக்கினால் கதவு வாசல் நெளிந்து, பிறகு எக்கதவும் பொருந்தாது போகும். அதனால் கதவுகள் நன்றாக மூடித் திறக்கும் நிலையிலேயே வாசலின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து எழுதிக்கொள்க. பின்னர் முன்தூணுக்கும் பின்தூணுக்கும் இடையே நேராக ஒன்றும், மூலைக்கு மூலை ஒன்றுமாக இரும்புச் சட்டங்களைப் போல்ற்றினாற் பூட்டுக. வலது வாசலுக்கும் இடது வாசலுக்கும் இடையே குறுக்காக ஒரு சட்டமும் வேண்டும். இதன் பின்னரே கதவு, இருக்கை, கண்ணாடிகளை எடுக்க வேண்டும். இவற்றை எடுத்தால் நிறையும் குறையும். ஆடும் கதவு மோதும் ஆபத்தும் நீங்கும்.

4. தூக்கும் முறை

கூண்டை ஆட்கள் தோளிற் சுமந்து நடத்தல் தவறான முறையாகும். ஒருவரின் கால் இடறினால் அனைவர் மீதும் பாரம் சாயும். கூண்டிற்குச் சில்லில்லை, சட்டத்திற்குச் சில்லுண்டு. ஆதலால் கூண்டை நேர்மேலே தூக்கி நிறுத்தி, அதன் கீழிருந்து லொறியை உருட்டி எடுத்துவிடுவதே சரியான முறை.

கூண்டின் கால்களை விடுவித்த பின், ஜாக்கியினால் ஒவ்வொரு பக்கமாக அங்குலம் அங்குலமாக உயர்த்தி, உயர்த்துந்தோறும் மரக்கட்டையைச் செருகி வருக. நான்கைந்து அங்குல இடைவெளி கிடைத்ததும், கூண்டின் தளத்திற்கும் சட்டத்திற்கும் இடையே இரண்டு உத்தரங்களைக் குறுக்காக நுழைக்க. ஒன்று முன்கால்களின் அருகிலும் மற்றையது பின்கால்களின் அருகிலும் அமைதல் வேண்டும். முற்றிய பனையின் வைரமுள்ள சிலாகை இதற்கு ஏற்றது; சோற்றிப் பகுதி மிகுந்த இளம்பனை ஆகாது. உத்தரங்கள் கூண்டின் இரு பக்கமும் ஒன்றரை அடியேனும் வெளியே நீண்டிருக்கட்டும். கூண்டை அவற்றுடன் இறுகக் கட்டுக.

தூக்குவதற்கு இரு புறமும் கத்தரிக்கால் நிறுத்தி, மேலே இரும்பு வளை இட்டு, கூண்டின் பக்கத்திற்கு ஒன்றாக இரண்டு செயின் புளொக்குகளைத் தொங்கவிடுக. கத்தரிக்கால்கள் விரியாதபடி அடியிற் பிணைத்து, முன்னும் பின்னும் இழுகயிறு கட்டுதல் வேண்டும். மரக்கிளையில் தொங்கவிடுதல் ஆகாது. சிறிய லொறியின் கூண்டும் பல அந்தர் நிறையுடையது. ஆகையால் ஒவ்வொரு புளொக்கும் ஒரு தொன் தாங்கத்தக்கதாய் இருப்பின் அச்சமில்லை.

கயிற்றின் விரிவையும் கவனித்தல் வேண்டும். ஒரு கொக்கியிலிருந்து இறங்கும் இரு கயிறுகள் நெருங்கி நின்றால் பாரத்தைப் பாதி பாதியாகப் பகிர்ந்துகொள்ளும். அவை 120 பாகை விரிந்தாலோ, ஒவ்வொரு கயிறும் முழுப் பாரத்தையும் தாங்க நேரும். கயிறொன்றின் நீளம் உத்தரங்களின் இடைவெளிக்குக் குறையாதிருந்தால் விரிவு 60 பாகைக்கு மேற்படாது. மேலும், கொக்கி கூண்டின் நடு உயரத்திற்கு நன்கு மேலே நிற்றல் வேண்டும். தாழ்ந்து நின்றால் கூண்டு தலைகீழாய்ப் புரளும். கூரை விளிம்பிலோ கண்ணாடித் தூணிலோ கயிறு கட்டித் தூக்குதல் கூடாது.

முதலில் ஓரங்குலம் மட்டும் தூக்கி, வெற்றிலை போடும் நேரம் வரை பொறுத்திருந்து, ஒவ்வொரு கட்டையும் கொக்கியையும் பார்வையிடுக. கழற்ற மறந்த கம்பி ஏதேனும் இருந்தால் அப்போது தெரியவரும். பின்னர் ஒருவர் மட்டுமே கட்டளை கூற, இரு புளொக்குகளையும் ஒரே அளவாக இழுத்துச் சில்லுகளுக்கு மேலாக உயர்த்துக. பாரமேற்றும் தட்டு முன்பே கழற்றப்பட்டிருந்தால் லொறியை முன்பக்கமாக உருட்டலாம். தட்டுக் கழற்றப்படாவிடின் பின்பக்கமாகவே உருட்டவேண்டும். அப்பொழுது கூண்டை இயந்திரத்திற்கு மேலாக உயர்த்துதல் அவசியம். உருட்டும்போது இருவர் ஆப்புடன் சில்லருகே நடந்துவருதல் வேண்டும். தொங்கும் கூண்டின் கீழ் ஒருவரும் நுழைதல் ஆகாது. விழுந்த ஸ்பனரை எடுப்பதற்கும் நுழைதல் ஆகாது.

5. தாங்கி நிறுத்தல்

லொறி நீங்கியவுடன் கூண்டைத் தாழ இறக்கித் தாங்கியின் மேல் அமர்த்துக. முருகைக்கல், சீமெந்துக் கல், செங்கல், எண்ணெய்ப் பீப்பா என்பன தாங்கியாகா. முருகைக்கல் மதிலுக்கு உறுதியானது. ஆயின் ஓரிடத்திற் பாரம் குவிந்தால் முன்னறிவிப்பின்றி நொறுங்கிவிடும். ஜாக்கி தூக்குவதற்கேயன்றித் தாங்குவதற்கன்று.

சமமாக அறுத்த மரக்கட்டைகளை இரண்டிரண்டாக, ஒரு வரிசை நெடுக்காகவும் அடுத்தது குறுக்காகவும் அடுக்கிய நான்கு மர அடுக்குகளே சிறந்தவை. அடுக்கின் உயரம் அதன் அடியகலத்தை விஞ்சாதிருக்கட்டும். கூண்டின் கால்கள் பொருந்தும் வலுவான இடங்களின் கீழேயே அவற்றை வைத்தல் வேண்டும். வெறும் தகட்டின் கீழ் வைத்தால் தளம் உட்குழியும். அமர்த்திய பின் கையால் ஆட்டிப் பார்க்க. ஆடினால் திருத்தியமைத்த பின்னரே உள்ளே ஏற வேண்டும்.

தளத்தின் அடிப்பக்கத்திற் சுரண்டவோ ஒட்டவோ வேண்டியிருந்தால், கீழே படுத்து வேலை செய்ய வேண்டியதில்லை. பின்சுவரில் வலுவிருந்தால், பழைய ரயர்களைப் பரப்பி, அவற்றின் மேல் அப்பின்சுவர் அமரும்படி கூண்டை மெல்லச் சாய்த்து மல்லாத்துக. அடிப்பக்கம் எதிரே சுவர் போல் நிற்கும். நின்றபடியே வேலை செய்யலாம். சாய்த்த கூண்டை இரு பக்கமும் முண்டு கொடுத்துக் கட்டுதல் வேண்டும்.

6. இடம்விட்டு இடம் கொண்டுசெல்லல்

ஒட்டுவேலைக்காகக் கூண்டை மட்டும் யாழ்ப்பாணத்திற்கு அனுப்ப நேரின், இரு சக்கர உழவு இயந்திரத்தின் பெட்டியைவிடச் சிறிய பாரவூர்தியே நன்று. கூண்டைத் தாழ்ந்த மரச்சட்டத்தில் அமர்த்தி, நான்கு மூலைகளிலிருந்தும் குறுக்குக் கயிறு கட்டுக. பண்ணைப் பாலத்தில் இரு புறமும் கடலாதலால் பக்கக்காற்று வலியது. சோளகம் வீசும் பிற்பகலில் அவ்வழியே கொண்டுசெல்லற்க.

நெடுந்தீவு, நயினாதீவு வாசிகள் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகிற் கொண்டுவர நேரும். பாரத்தை ஏற்றலாமா என்பதைத் தீர்மானிப்பவர் படகோட்டியே; அவர் மறுத்தால் வற்புறுத்தல் தகாது. பயணிகளுடன் ஏற்றாது தனியே ஏற்றுக. கூண்டு படகின் அடித்தட்டில், நடுவில் அமர்தல் வேண்டும். கரை சேர்ந்தவுடன் நன்னீராற் கழுவி உலர்த்துக. கடல்நீர் பட்டபடியே விட்டால் திருத்திய வேலை வீணாகும்.

7. மீண்டும் பூட்டல்

உள்ளே பூட்டிய இரும்புச் சட்டங்களை எடுக்குமுன் முன்னர் எழுதிய மூலைவிட்ட அளவுகளுடன் ஒப்பிட்டு, கதவையும் மாட்டிப் பார்க்க. பழைய இறப்பர் மெத்தைகளை விலக்கிப் புதியன இடுக. கூண்டை இறக்கும்போது போல்ற்றுத் துளைகள் நேர்ப்பட்டனவோ என விரலை இட்டுப் பார்ப்பது பெருந்தவறு. கூண்டு அரை அங்குலம் நழுவினாலும் விரல் போய்விடும். கூர்முனைக் கம்பியை இட்டே துளையை நேர்ப்படுத்தல் வேண்டும். பிறேக்கைப் பூட்டிக் காற்றெடுத்துச் சோதித்த பின்னரே ஆப்புக்களை நீக்குக.

இக்காலத்து லொறிகள் பலவற்றில் கூண்டைக் கழற்றாது முன்பக்கமாகச் சாய்க்கலாம். அவற்றிலும் தாங்குகம்பியைப் பூட்டாமல் கீழே தலை நீட்டலாகாது.

நினைவிற் கொள்ளவேண்டியவை

ஆப்பு முதலில், ஸ்பனர் பின்னர்.
உள்வலுக் கொடுத்த பின்னரே கதவைக் கழற்றுக.
கூண்டைத் தூக்குக, லொறியை உருட்டுக.
ஜாக்கியையும் கல்லையும் நம்பாது மர அடுக்கை நம்புக.
தொங்கும் பாரத்தின் கீழ் ஒருவரும் நில்லற்க.

ஒரு நாள் பொறுத்துச் செய்தால் லொறி அடுத்த போகத்திற்கு உதவும். அவசரத்தில் இழந்த கையோ எப்போகத்திலும் திரும்பி முளைக்காது.