சுவருக்குச் சுவரே துணை



சிங்கப்பூரில் நம்மவர் தேக்கா என்று வழங்கும் லிட்டில் இந்தியா வட்டாரத்தில், இரண்டு மூன்று மாடிகள் கொண்ட பழைய கடைவீடுகள் தோளோடு தோள் சேர்ந்து வரிசையாக நிற்கின்றன. 1989ஆம் ஆண்டில் இவ்வட்டாரம் பாதுகாக்கப்பட வேண்டிய பகுதியென அறிவிக்கப்பட்டது. நிலம் நடுங்கினால் இப்பழஞ்சுவர்கள் தாங்குமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

சிங்கப்பூருக்கு மிக அண்மையிலுள்ள பெரிய நிலப்பிளவு, ஏறத்தாழ 400 கிலோமீட்டருக்கு அப்பால் சுமத்திராவில் இருக்கின்றது. ஆயினும் அங்கெழும் அதிர்வு இங்கும் எட்டுகின்றது. 2007 மார்ச் 6ஆம் நாள் மேற்குச் சுமத்திரா நடுங்கியபோது, சிங்கப்பூரின் உயர்ந்த கட்டடங்கள் சிலவற்றிலிருந்து மக்கள் வெளியேறினர்.

உயர்ந்த கட்டடங்கள் மட்டும் மிகுதியாக ஆடுவானேன்? நெட்டையும் குட்டையுமான இரண்டு ஈர்க்குகளை ஒரு பலகையில் களிமண் வைத்து நடுங்கள். நுனிகளில் களிமண் உருண்டைகளைச் செருகுங்கள். பலகையை மெல்ல ஆட்டினால் நெட்டை ஈர்க்கு மிகுதியாக ஆடும். விரைந்து ஆட்டினால் குட்டை ஈர்க்கு ஆடும். தொலைவிலிருந்து வரும்போது விரைவான அதிர்வுகள் வழியிலேயே தேய்ந்துவிடுகின்றன. மெதுவான அசைவே எஞ்சுகின்றது. மென்மையான களிநிலம் அதனைப் பெருக்குகின்றது. ஆதலால், 20 மீட்டருக்கு மேல் உயரும் புதிய கட்டடங்களுக்கு, நிலத்தின் தன்மையைப் பொறுத்து, 2015 முதல் நிலநடுக்க விதிகள் வகுக்கப்பட்டுள்ளன.

கடைவீடுகள் குட்டையானவை, எனவே அவற்றுக்கு அச்சம் குறைவு. ஆயினும் நாம் அயர்ந்திருத்தல் ஆகாது. செங்கற்சுவர் மேலிருந்து அழுத்தும் பாரத்தை நன்கு தாங்கும். பக்கவாட்டில் தள்ளினாலோ வெடிக்கும். 1993 செப்டம்பர் 30ஆம் நாள் விடியுமுன், மராட்டிய மாநிலத்துக் கில்லாரியில் நிலம் நடுங்கியது. அங்கே தடித்த கற்சுவர்களின் உட்புறத்தையும் வெளிப்புறத்தையும் பிணைக்கும் நீண்ட கற்கள் இல்லை. சுவர்கள் பிளந்து சரிய, உறங்கிக்கொண்டிருந்தோர் பல்லாயிரவர் மாண்டனர். சுவரின் பருமன் காக்கவில்லை. பிணைப்பு இருந்திருந்தால் பலரைக் காத்திருக்கும்.

நடுக்கமின்றியும் கட்டடம் வீழ்வதுண்டு. 1986 மார்ச் 15ஆம் நாள், சிராங்கூன் சாலையில் நியூ வோர்ல்டு விடுதி இடிந்து 33 பேர் இறந்தனர். அஃது 1971இல் எழுந்த கான்கிரீட் கட்டடமே. கட்டடத்தின் சொந்த எடையையே கணக்கில் சேர்க்காததுதான் பெருங்காரணம். அதன்பின், கட்டடங்களைக் குறித்த காலந்தோறும் பொறியாளர் சோதிக்க வேண்டுமெனச் சட்டம் வந்தது.

பழைய வீட்டில் சோதிக்க வேண்டியவை எவை? தூக்குக்குண்டு கட்டிச் சுவரின் சாய்வை அறிதல் வேண்டும். வெடிப்பு வளர்கிறதா, சுண்ணாம்புச் சாந்து உதிர்கிறதா, சுவருக்குள் செல்லும் உத்திர முனைகளைக் கறையான் அரித்துள்ளதா, ஈரம் ஏறுகிறதா எனக் காண வேண்டும். பின்னர், உத்திரங்களை இரும்புப் பட்டைகளால் சுவரோடு பிணைக்கலாம். எதிரெதிர்ச் சுவர்களை இரும்புக் கம்பியால் இழுத்துக் கட்டலாம். உதிர்ந்த இடத்தைச் சுண்ணாம்புச் சாந்தாலேயே நிரப்புதல் நன்று. இறுகிய சிமெண்டுப் பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்துச் செங்கல்லைக் கெடுக்கும்.

பெற்றோர்களே! வரிசை வீடுகளில் ஒரு சுவர் இரு குடும்பங்களுக்கும் பொது. இடம் போதவில்லையென்று அதனைக் குடைந்தால், அடுத்த வீட்டுக் குழந்தையின் தலைக்கும் ஆபத்து நேரும். பொறியாளரைக் கேளாமல் எந்தச் சுவரிலும் கை வையாதிருப்போமாக!