பனி ஏரியில் தூண்டில்

பின்லாந்து நாட்டு ஏரிகள் குளிர்காலத்தில் மேற்புறம் உறைந்துவிடுகின்றன. 4 பாகை சென்டிகிரேடு வெப்பமுள்ள நீரே மிகுந்த அடர்த்தியுடையதாதலின், அஃது அடியில் தங்கி மீன்களைக் காக்கிறது. மீன் பிடிப்போர் பனிக்கட்டியைத் துளையிட்டுத் தூண்டிலை இறக்குவர்.

முள்ளுக்கும் கயிற்றுக்கும் இடையே, நீரில் எளிதிற் புலப்படாத மெல்லிழையைப் பிணைப்பர். கூரிய பற்களையுடைய பைக் மீனுக்கோ எஃகுக் கம்பி வேண்டும்.

விரல் விறைக்கும் குளிரில் முடிச்சிடுதல் அரிது. ஆதலின் வீட்டிலேயே கட்டி வைப்பர். இழையின் நுனியை முள்ளின் காதிற் செலுத்தி, இழையின் மீதே ஐந்து முறை சுற்றி, காதை ஒட்டிய கண்ணியுள் நுழைப்பர். பின்பு நீரால் நனைத்து மெல்ல இறுக்குவர். உலர்ந்தவாறே இறுக்கின், உராய்வின் வெப்பத்தால் இழை நலியும். மீன் இழுக்கும்போது அறுந்துவிடும். சிறு முடிச்சிற் காட்டும் பொறுமையே நெடுநேர உழைப்பைக் காக்கிறது.