கழுகா, முயலா?



கும்பாபிஷேகத்தில் கருடன் வட்டமிட்டால் அண்ணாந்து பார்த்துக் கும்பிடுகிறோம். முயலை மட்டும், "பயந்தாங்கொள்ளி"ன்னு கேலி பண்ணத்தான் வச்சிருக்கோம். இது நியாயமா?

பீடோருக்குக் கிழக்கே உள்ள மலைக்காடுகளில் குடுமிக் கழுகு வகைகள் உண்டு. ஆனால் அங்கே முயலைத் தேடாதீங்க, சருகுமான்தான் இருக்கும். காட்டு முயல், நம் முன்னோர் கப்பலேறி வந்த தமிழ்நாட்டுப் புதர்க்காடுகளின் பிராணி. அங்கேயும் குடுமிக் கழுகு உண்டு. முயல் அதற்கு இரை. இரண்டையும் ஒப்பிடுவோம்.

கண்: கழுகின் கண்கள் முன்னோக்கியவை, குறி வைக்கத் தோதானவை. முயலின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் பின்னால் வருவதையும் பார்க்கும்.

பிறப்பு: குடுமிக் கழுகு வழக்கமாக ஒரே முட்டைதான் இடும். குஞ்சு ஏறக்குறைய இரண்டு மாதம் கூட்டிலேயே இரை வாங்கித் தின்னும். காட்டு முயல் வளை தோண்டாது. அதன் குட்டி திறந்தவெளியில், கண் திறந்து, உரோமத்தோடு பிறக்கும்.

பிழைப்பு: கழுகு கிளையில் அசையாமல் காத்திருந்து பாயும். பல தடவை குறி தப்பும், மறுபடியும் காத்திருக்கும். முயல் புல்லோடு புல்லாகப் பதுங்கும். ஆபத்து நெருங்கினால் வளைந்து வளைந்து ஓடும். திரும்பி நின்று சண்டை போட்டால் செத்துப்போகும் என்று அதற்குத் தெரியும்.

இப்போ நம்ம விஷயத்துக்கு வருவோம். "வாடா, ஒரு கை பார்ப்போம்"ன்னு கூட்டாளிகள் கூப்பிடும்போது போகாதவனுக்கு என்ன பட்டம்? பயந்தாங்கொள்ளி! அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து போய், போலீஸ் லாக்கப்பிலும் ஆஸ்பத்திரியிலும் முடிந்தவர்கள் எத்தனை பேர்! உண்மையில் யார் பயந்தது? போனவனா, போகாதவனா?

கழுகின் பலம் கோபமல்ல, பொறுமை. முயலின் ஓட்டம் கோழைத்தனமல்ல, புத்தி. படிப்பிலும் வேலையிலும் கழுகாக இருங்கள். வம்பு வரும் இடத்தில் முயலாக இருங்கள், வெட்கப்படாதீர்கள்.

ஒன்று தெரியுமா? வடமொழியில் 'சச' என்றால் முயல். முயலை உடையது என்பதால்தான் நிலாவுக்குச் 'சசி' என்று பெயர். கருடன் திருமாலைச் சுமக்கிறது. முயலோ, பிறையோடு சிவபெருமானின் தலைமேலேயே இருக்கிறது!

கலந்துரையாடுங்கள்:
1. நீங்கள் விலகி வந்து தப்பித்த சம்பவம் ஒன்றைச் சொல்லுங்கள்.
2. விலகி வரும் நண்பனைக் கேலி செய்பவர்களிடம் என்ன சொல்வீர்கள்?