குழந்தைகளின் படிப்பும் டெலிபோனும்

சங்கத்தில் கடன் வாங்கிய அங்கத்தினர் ஒருவர் எத்தனை தவணை கட்டியிருக்கிறார், வட்டி பாக்கி எவ்வளவு என்று கேட்டால், குமாஸ்தா பேரேட்டைப் பார்த்து உடனே சொல்லிவிடுவார். அதே அங்கத்தினரை, "உங்கள் பெண் நாலாம் வகுப்புப் படிக்கிறாளே, கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு அவளுக்கு வருமா?" என்று கேட்டால் பெரும்பாலும் விடை வராது. "அது வாத்தியாருக்குத் தெரியும்" என்பார். இதைக்கொண்டு அவருக்குப் படிப்பில் அக்கறையில்லை என்று கொள்ளலாகாது. பகலெல்லாம் வயலிலோ கூலி வேலையிலோ இருப்பவர் பள்ளி நேரத்தில் உபாத்தியாயரைக் காண்பது எங்ஙனம்?

இக்குறையைத் தீர்க்கக் கைபேசி உதவுமா என்பதை ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலுள்ள போட்ஸ்வானா தேசத்தில் 2020-ஆம் வருஷம் முறையாகப் பரீட்சித்தார்கள். கொரோனா நோயினால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்ட காலம் அது. 3 முதல் 5 வரையுள்ள வகுப்புகளில் படிக்கும் குழந்தைகளின் குடும்பங்கள் சுமார் 4,500-ஐ, சீட்டுக் குலுக்கிப் போட்டாற்போல், மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு வாரந்தோறும் சில கணக்குகள் குறுஞ்செய்தியாகச் சென்றன. மற்றொரு பிரிவுக்கு அச்செய்தியோடு, வாரம் ஒருமுறை 15 அல்லது 20 நிமிஷம் போதிப்பவர் ஒருவர் கூப்பிட்டுப் பேசினார். மூன்றாம் பிரிவுக்கு எதுவுமில்லை.

பேசிய முறையைச் சற்று விவரிக்க வேண்டும். போதிப்பவர் முதலில் பெற்றோரைத்தான் அழைப்பார். அவர் குழந்தையைக் கூட்டிவந்து, குரல் இருவருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியைத் திறந்து வைப்பார். பிறகு குழந்தை கணக்கைப் போடும். விடை எப்படி வந்தது என்றும் சொல்லும். பெற்றோர் பக்கத்திலிருந்து அத்தனையும் கேட்டுக்கொண்டிருப்பார்.

செய்தி மட்டும் பெற்ற குழந்தைகளிடம் குறிப்பிடத்தக்க அபிவிருத்தி காணப்படவில்லை. பேச்சும் சேர்ந்த பிரிவில் கணக்கறிவு தெளிவாக உயர்ந்தது. அதனினும் முக்கியம், தம் குழந்தைக்கு எது தெரியும், எது தெரியாது என்பதை அப்பெற்றோர் முன்னிலும் சரியாக மதிப்பிடலாயினர். பின்னர் இந்தியா, கென்யா, நேபாளம், பிலிப்பைன்ஸ், உகாண்டா ஆகிய ஐந்து தேசங்களில் 16,000-க்கு மேற்பட்ட குடும்பங்களில் செய்த பரீட்சையிலும் நற்பலன் கிடைத்தது. சர்க்கார் ஆசிரியர்கள் பேசியபோதும் பலன் குறையவில்லை.

எழுத்து வாசனை இல்லாத தாய்மார் நம்மில் அநேகர். அவர்களுக்கு அச்சிட்ட நோட்டீஸும் ஒன்றே, குறுஞ்செய்தியும் ஒன்றே. குரல் அப்படியல்ல. இதற்காக விலையுயர்ந்த கருவி வாங்க வேண்டுவதுமில்லை. பொத்தான் வைத்த சாதாரணக் கைபேசியே போதும். பெரிய கருவியைக் குழந்தை கையில் கொடுத்துவிட்டு, "படிக்கிறான்" என்று திருப்திப்படுவோர் அது எதைப் படிக்கிறது என்று ஒருநாள் எட்டிப் பார்க்கட்டும்!

2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி, சர்க்கார் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர் அல்லது காப்பாளராக இருக்க வேண்டும்; அங்கத்தினரில் பாதிப்பேர் பெண்கள். அவர்களில் நம் சங்கத்தாரும் இருப்பார்கள். அவர்கள் தலைமை ஆசிரியரைக் கலந்து இதைத் தொடங்கலாம். முழுப் பாரத்தையும் உபாத்தியாயர் தலையில் சுமத்துவது நியாயமன்று. 30 குழந்தைகளுக்கு வாரம் 20 நிமிஷம் வீதம் 600 நிமிஷம், அதாவது 10 மணி நேரம் ஆகிறது. ஊரில் படித்த வாலிபர் அல்லது பெண்கள் இருவர், ஆசிரியர் குறித்துக் கொடுக்கும் கணக்குகளைக் கொண்டு, வாரத்தில் ஐந்து மாலைகள் மணிக்கணக்கில் ஒன்று வீதம் செலவிட்டால் முடிந்துவிடும். டெலிபோன் கட்டணத்தைச் சங்கம் கொடுக்க உபவிதிகள் இடந்தருகின்றனவா என்று முதலில் பார்த்துக்கொள்க. கைபேசி தகப்பனாரோடு வெளியே போய்விடும் வீடுகளில், அவர் திரும்பும் நேரமே கூப்பிடும் நேரம்.

ஒரு எச்சரிக்கை. குழந்தை தப்பாக விடை சொல்லும்போது அருகிலிருப்பவர் அதட்டினாலோ கை ஓங்கினாலோ, மறுவாரம் அது டெலிபோன் பக்கமே வராது. இதைப் பெற்றோரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். எந்தக் கணக்கு வந்தது, எது வரவில்லை என்பதை ஒரு நோட்டில் குழந்தைக்கு ஒரு பக்கமாகக் குறித்து வருக. அந்நோட்டைப் பலர் முன்னிலையில் வாசிக்கலாகாது. கேட்கும் பெற்றோருக்கு அவரவர் குழந்தையின் பக்கத்தை மட்டுமே காட்டுக.